மூணாம் பீரியடு காலி

கம்ப்யூட்டர் அறை வாசலில் மும்தாஜ் நின்றாள். உள்ளே வரவில்லை. பிசிக்ஸ் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"என்ன சொல்லுது டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் திரையைப் பார்த்தேன். டைம்டேபிள் போடும் சாஃப்ட்வேர் ஒரு பச்சைக் கோட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து, முக்கால்வாசியில் நிறுத்திவிட்டது. கீழே நாலு சிவப்புக் கட்டங்கள். நாலுமே மும்தாஜின் பிசிக்ஸ் பிராக்டிகல் வகுப்புகள். அவற்றை வைக்க வாரத்தில் எங்கேயும் இடம் இல்லையாம்.

"முடியாதுங்குது" என்றேன்.

"சரி டீச்சர்" என்று புத்தகத்தை இறக்கினாள். அப்போதுதான் பார்த்தேன். அவள் போட்டிருந்த ஓவர்கோட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. பால் கட்டிக்கொண்டு, சேலையைத் தாண்டி, ஓவர்கோட்டையும் தாண்டி வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் காலையிலிருந்து அந்தப் புத்தகம்.

"அப்ப நான் வேலைய விட்டு நின்னுக்கிடுதேன் டீச்சர். இந்த வெள்ளிக்கிழமையோட போதும்."

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்திருந்த நாட்கள் அவை. பாளையங்கோட்டைக்கு அதில் காற்று மட்டும்தான் வரும். அந்தக் காற்றில் கம்ப்யூட்டர் அறையின் ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் எழுந்துபோய் அதை ஓங்கிச் சாத்தினேன். மும்தாஜ் பயந்துபோய், "டீச்சர், ஒங்க மேல தப்பில்ல" என்றாள். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

டைம்டேபிளுக்குப் பொட்டு

அந்தக் கோபம் ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணக்கு டீச்சராக இருந்த காலம் முழுக்க எங்கள் பள்ளிக்கூடத்தின் டைம்டேபிளை நான்தான் போட்டேன். அடக்கம் என்று ஒரு நல்ல குணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அது எனக்குக் கிடையாது. டவுனில் இருந்தும் தூத்துக்குடிப் பக்கமிருந்தும்கூட டீச்சர்கள் வந்து, நான் எப்படிப் போடுகிறேன் என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

என் முறை சுலபமானது. ஒரு பெரிய சார்ட் அட்டை. அதில் வகுப்புகளும் கிழமைகளும் கட்டம் கட்டமாக. ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு. ஒட்டலாம், உரிக்கலாம், மறுபடி ஒட்டலாம். பென்சிலால் எழுதி அழித்து அழித்து அட்டையைக் கிழிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் பொட்டு வைப்பதில்லை. பரம்பரையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த கிறிஸ்தவக் குடும்பம். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் தெற்கு பஜாரில் ஃபேன்சி கடையில் போய் நின்று, அட்டை அட்டையாகப் பொட்டு வாங்குவேன். முதல் தடவை கடைக்கார அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, ஒங்க சபையில பொட்டு வைக்கச் சொல்லிட்டாவளா?"

"எனக்கில்ல அண்ணாச்சி. டைம்டேபிளுக்கு."

"டைம்டேபிளுக்கா! அப்ப ரெண்டு முழம் பூவும் சேத்து வாங்கிட்டுப் போங்க."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, பச்சையில் ரெண்டு அட்டை, மெரூனில் மூன்று அட்டை என்று பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு ஐப்பசியில் ஈரக்காற்றுக்குப் பொட்டுகள் பசை விட்டு உதிர ஆரம்பித்தன. அதில் ஒன்று எங்கள் தலைமையாசிரியை அம்மாவின் சேலை முந்தானையில் ஒட்டிக்கொண்டு, சாயங்காலப் பிரார்த்தனைக் கூட்டம் வரைக்கும் போய்விட்டது. அது தமிழய்யாவுடைய மஞ்சள் பொட்டு. "எட்டாம் வகுப்பில் உமக்குரிய இடம் என் முந்தானையில் இருந்தது" என்று எச்.எம். அம்மா மறுநாள் அவரிடம் சொல்ல, அந்த மனிதர் வெட்கத்தில் ஸ்டாஃப் ரூம் பக்கமே கொஞ்ச நாள் வரவில்லை.

எல்லாருக்கும் ஒரு கட்டாயம்

டைம்டேபிள் என்பது வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு வெறும் கட்டம். உள்ளே இருப்பவர்களுக்கு அதுதான் வருஷம்.

கணக்கைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்தால் தயிர்ச்சோறு சாப்பிட்ட பிள்ளைகளின் கண்ணில் நான் போடும் எக்ஸ் எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரியும். விளையாட்டுப் பீரியடுக்கு அடுத்து இலக்கணம் வைத்தால் வேர்வையோடு வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க விடுங்கள் என்று பாதி நேரம் போய்விடும். மேலப்பாளையத்திலிருந்து வரும் பிள்ளைகளின் பஸ்ஸை ரயில்வே கேட்டில் நிறுத்திவிட்டால் முதல் பீரியடில் பாதி வகுப்பு இருக்காது. ஆகையால் முதல் பீரியடில் பரீட்சையோ பிராக்டிகலோ வைக்கக் கூடாது.

பிள்ளைகளாவது பரவாயில்லை. டீச்சர்கள் இருக்கிறார்களே! ஒவ்வொருவரும் பைய என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு காதாகச் சொல்லுவார்கள். ஒருத்திக்குக் கடைசிப் பீரியடு ஆகாது. ஒருத்தருக்கு மாடிப்படி ஆகாது. ஒருத்திக்கு இன்னொருத்தியோடு ஆகாது; ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கொடுத்துவிடாதே என்று எச்சரிப்பு. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பொட்டு ஒட்டுவேன். போட்டு முடித்த அன்று எச்.எம். அறை வாசலில் புகார் சொல்ல ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்ததுதான் என் சாதனை.

சாஃப்ட்வேர் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச வருஷங்களுக்கு முன்னால். தாளாளர் எங்கேயோ பார்த்துவிட்டு வாங்கிவந்தார். "ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் போட்டுத் தந்துருமாம் எஸ்தர்" என்று எச்.எம். அம்மா சொன்னபோது எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் பயிற்சிக்குப் போன நாளிலேயே அது எனக்குப் பிடித்துவிட்டது. என்னைப் போலவே யோசிக்கிறது. ஆனால் களைப்பதில்லை, யார் வந்து காதில் சொன்னாலும் முகம் சுளிப்பதில்லை.

அதில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் ரெண்டு பொத்தான். ஒன்று 'கட்டாயம்'. இன்னொன்று 'முடிந்தால்'. கட்டாயம் என்று சொல்லிவிட்டால் அந்த இயந்திரம் உயிரே போனாலும் மீறாது. இந்த விஷயத்தை ஸ்டாஃப் ரூமில் சொன்னதுதான் தாமதம். எங்கள் டீச்சர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தங்களுடையதைக் 'கட்டாயம்' என்றே போடச் சொன்னார்கள். 'முடிந்தால்' என்ற பொத்தானை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் தொடக்கூட இல்லை.

மும்தாஜுக்கு வேண்டியது

மும்தாஜ் மேலப்பாளையத்துப் பெண். பிசிக்ஸ் டீச்சர். பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு அரசாங்கம் ஆள் போடாததால், ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ முழுக்க அவள் ஒருத்திதான் பார்த்தாள். அவளுக்கு நிர்வாகம்தான் சம்பளம் கொடுத்தது. அரசு டீச்சருக்குக் கிடைக்கிற நீண்ட பிரசவ விடுப்பு அவளுக்குக் கிடையாது. ஆகையால் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஜூனில் வந்து நின்றாள்.

அவள் பாடம் நடத்துவதை நான் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டிருக்கிறேன். பிசிக்ஸ் என்றால் அழும் பிள்ளைகள் அவள் வகுப்பில் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளுவார்கள். இப்படி ஒரு டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிடைப்பது லேசான காரியம் இல்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரெண்டாவது பீரியடு முடிந்து இடைவேளை விடுவோம். அதையொட்டி வரும் மூணாவது பீரியடு தினமும் காலியாக இருந்தால், மாமியார் பிள்ளையை ஆட்டோவில் கொண்டுவருவார். இங்கேயே பால் கொடுத்து அனுப்பிவிடலாம்.

"புட்டிப்பால் பழக்கப்படுத்தேன்மா" என்று எச்.எம். அம்மா சொல்லிப் பார்த்தார்.

"வாயிலயே வாங்க மாட்டேங்கான் மேடம். தலையத் திருப்பிக்கிடுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்குப் போற வரைக்கும் அழுதுக்கிட்டே கெடக்கான். மாமி போன்ல அவன் சத்தத்தக் கேக்க வைக்காவ."

எச்.எம். அம்மா நல்லவர். ஆனால் அவருக்கு மேலே தாளாளர் இருந்தார். "திங்கக்கிழமை நிரந்தர டைம்டேபிள் வந்தாகணும் எஸ்தர். அதுல இவளுக்கு இடம் இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா அன்னைக்கே வேற ஒரு பிள்ளை வந்து பாக்கும். தாளாளர் பேசி வச்சிருக்காங்க" என்றார்.

திங்கட்கிழமைக்கு முன்னால், தற்காலிக டைம்டேபிளில் ஓடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அவள் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து நின்றது.

தண்ணீர் இல்லாத பிசிக்ஸ்

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அந்த நாலு சிவப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிராக்டிகல் என்றால் மூணும் நாலும்தான். இடைவேளை முடிந்து சாப்பாட்டு மணி வரைக்கும் சேர்ந்தாற்போல ரெண்டு பீரியடு. ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பிசிக்ஸ் லேபுக்கும் பாதிப் பிள்ளைகள் கெமிஸ்ட்ரி லேபுக்கும் ஒரே நேரத்தில் போவார்கள். வாரத்தில் நாலு நாள் இப்படி. அப்புறம் மும்தாஜுக்கு மூணாவது பீரியடு எப்படிக் காலியாகும்? சாஃப்ட்வேர் சொன்னது நியாயம்தான்.

ஆனால் பிராக்டிகல் ஏன் மூணும் நாலும்?

நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். எனக்கு முன்னால் டைம்டேபிள் போட்டவரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். முதல் ரெண்டு பீரியடில் முடியாது, ரயில்வே கேட். சாப்பாட்டுக்கு அப்புறம்? கெமிஸ்ட்ரி டீச்சர் சங்கரன் சாரிடம் போய்க் கேட்டேன்.

சங்கரன் சார் கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்துக்காரர். தினமும் செங்கோட்டை ரயிலில் வந்துபோவார். ஊரிலிருந்து வரும்போது எல்லார் வீட்டுக்கும் அப்பளக் கட்டு கொண்டுவருவார். தங்கமான மனிதர், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். சாப்பாட்டுக்கு அப்புறம் பிராக்டிகல் கூடாது என்ற அவருடைய நிபந்தனைதான் சாஃப்ட்வேரில் முதலில் ஏறிய 'கட்டாயம்'.

"மத்தியானமா? தண்ணிக்கு எங்க போறது எஸ்தர் டீச்சர்?" என்றார். "பிள்ளைகள் சாப்ட்டுட்டுத் தட்டு அலம்பினா டேங்க் காலி. டெஸ்ட் ட்யூபெல்லாம் எதுல கழுவறது, கேட்டேளா?"

"அது பழைய டேங்க் சார். பழைய மாணவிகள் சேர்ந்து போர் போட்டு, புது டேங்க் கட்டிக் குடுத்து எவ்வளவு காலமாச்சு?"

"கட்டினா என்ன? மத்தியானம் லேபுல தண்ணி வராது. எனக்குத் தெரியும்."

"மத்தியானம் எப்ப சார் கடைசியாத் திறந்து பாத்திய?"

மத்தியானத்தில்தான் அந்த லேபையே யாரும் திறப்பதில்லையே!

"வாங்க சார்" என்றேன். நான் வாங்க என்று சொன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வராதவர்கள் இல்லை. ஆறாவது பீரியடு நடந்துகொண்டிருந்தது. ரெண்டு பேரும் வெயிலில் மைதானத்தைத் தாண்டிப் போனோம். பூட்டைத் திறந்தார். ஆசிட் வாடையும் பூட்டிக்கிடந்த அறையின் புழுக்கமும் முகத்தில் வந்து மோதின. நான் நேரே போய்க் கடைசி மேஜையில் இருந்த குழாயைத் திருகினேன்.

முதலில் புஸ்ஸென்று காற்று வந்தது. சங்கரன் சார் என்னைப் பார்த்தார். "நான் சொன்னேனோல்லியோ..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்து தொட்டியில் விழுந்து தெறித்து அவர் வேட்டியை நனைத்துவிட்டது. அடுத்த குழாயைத் திறந்தேன். அதற்கடுத்ததையும் திறந்தேன். மூன்றும் சேர்ந்து அருவி மாதிரி கொட்டின. அந்தச் சத்தத்தில் எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. உண்மையைச் சொன்னால், தட்டினேன்.

சங்கரன் சார் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரிக்க ஆரம்பித்தார். "இத்தனை வருஷமா ஒருத்தருமே திறந்து பாக்கலையே டீச்சர்!" என்றார். "அதுவும் பிசிக்ஸுக்குத் தண்ணியே வேண்டாமே. என்னோட தண்ணிக்காக அந்தப் பொண்ணு பட்டினி போட்டிருக்கு பிள்ளைய."

அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா கடைசி ரெண்டு பீரியடுல மட்டும் வச்சிராதேங்கோ. கழுவி எடுத்து வைக்கறதுக்குள்ள எனக்கு ரயில் போயிடும்" என்றார்.

"இது கட்டாயமா, முடிந்தாலா சார்?"

"இது கட்டாயம்" என்றார். போட்டுக்கொண்டேன். அதில் நியாயம் இருந்தது.

பச்சைக் கோடு

பிராக்டிகலைச் சாப்பாட்டுக்கு அடுத்த ரெண்டு பீரியடில் வைத்தேன். வைக்கும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளைகளை உட்காரவைத்தால்தானே தூங்குவார்கள்? லேபில் நின்றுகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். நின்றுகொண்டே தூங்கும் வித்தை ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இன்னும் வரவில்லை. பாடம் படிக்க நல்ல நேரமான காலைப் பொழுது மற்றப் பாடங்களுக்கு மிச்சமாயிற்று. இதை நான் முன்னாலேயே யோசித்துச் செய்ததாக எச்.எம். அம்மாவிடம் பிறகு சொல்லிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

மறுபடி ஓடவிட்டேன். பச்சைக் கோடு நகர்ந்தது. முக்கால்வாசிக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் தாண்டியது. கடைசி வரைக்கும் போய் நின்றது. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

அப்படியே அச்சடித்துவிட நான் என்ன ஏமாளியா? உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு நாள் விளையாட்டுக்கு அடுத்தாற்போல் இலக்கணம் விழுந்திருந்தது. ஒன்றோடொன்று ஆகாத ரெண்டு டீச்சர்களுக்கும் வியாழக்கிழமை ஒரே பீரியடில் ஓய்வு. இவையெல்லாம் என் மனதில் மட்டும் இருந்த, இயந்திரத்துக்கு யாரும் சொல்லாத விஷயங்கள். கையால் நகர்த்திச் சரிசெய்தேன். ஒவ்வொன்றை நகர்த்தும்போதும் மும்தாஜின் வரிசையில் மூணாவது கட்டம் காலியாகத்தான் இருக்கிறதா என்று மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு முன்னால் எச்.எம். அம்மாவின் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மும்தாஜின் வரிசையை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து தாளாளரைக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளைய வர வேண்டாம்னு சொல்லிருங்க அய்யா. நமக்கு பிசிக்ஸுக்கு ஆள் இருக்கு."

திங்கட்கிழமை

திங்கட்கிழமை எச்.எம். அறை வாசலில் வரிசை நிற்கவில்லை. ஒருத்தர்கூட வரவில்லை. நான் வேண்டுமென்றே அந்தப் பக்கமாக ரெண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு எனக்கும் மூணாவது பீரியடு ஓய்வுதான். இடைவேளை மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. மும்தாஜின் மாமியார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் துணிப்பையுமாக இறங்கினார். பிள்ளை மேலப்பாளையத்திலிருந்தே அழுதுகொண்டு வந்திருக்க வேண்டும், குரல் கரகரத்துப்போயிருந்தது. மும்தாஜ் மைதானத்தில் ஓடினாள். ஓவர்கோட்டோடு ஒரு டீச்சர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மாடி வராந்தாவில் நின்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் படுக்கவைக்கும் சின்ன அறை ஒன்று ஆபீஸ் பக்கத்தில் இருந்தது. அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. உள்ளே அழுகை நின்றது. அப்புறம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் வாழ்க்கையில் எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறேன். மேடையில் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்த பெருமை அதில் எதிலும் வந்ததில்லை.

நாலாவது பீரியடுக்கு மணி அடித்தது. முதலில் மாமியார் வந்தார். தோளில் பிள்ளை வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். "ஒங்களுக்கு அல்லா நெறைய குடுக்கணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தார்.

பின்னாலேயே மும்தாஜ் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். ஆட்டோ திரும்பிப் போகும்வரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டீச்சர், இது நாளைக்கும் உண்டுமா?"

அவளுக்கு அது இன்னும் நம்பிக்கையாகவில்லை. யாரோ இன்றைக்கு ஒரு நாள் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நாளைக்கும் உண்டும், நாளன்னைக்கும் உண்டும். வருசம் பூரா உண்டும். டைம்டேபிள்ல போட்டிருக்குலா?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். அப்புறம் ப்ளஸ் டூ வகுப்பைப் பார்த்து ரெண்டு ரெண்டு படியாக ஏறிப் போனாள். அவள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்வது கீழே வரைக்கும் கேட்டது. அவள் குரல் கணீரென்று பாடத்தைத் தொடங்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

நாலாவது பீரியடு எனக்கும் பத்தாம் வகுப்பு இருந்தது. டைம்டேபிள் போட்டவளே அன்றைக்கு வகுப்புக்குத் தாமதமாகப் போனேன்.